தடை போட்டால் தீவுக்கு லாபமே

(‘பவளப்பாறையைக் காப்பதற்காகக் கடலோர விடுதிகளுக்குத் தடை போடுவது தீவு மக்களுக்கு லாபமா, நஷ்டமா?’ மும்பை மாட்டுங்காவில் நடந்த பட்டிமன்றத்தில் ‘லாபமே’ அணியில் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் இருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காவுக்கும், தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் முலுண்டிலிருந்தும் ரயில் பிடித்து வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா லட்சத்தீவை எடுத்துக்கொண்டார். நல்லது, நானும் அங்கேயே நிற்கிறேன். 2024 ஜனவரியில் பிரதமர் போய் வந்த படங்களைப் பார்த்து நாடே லட்சத்தீவைத் தேடியது, பக்கத்திலேயே மாலத்தீவு சுற்றுலாவில் கொழிக்கிறது, நம் தீவில் மட்டும் பவளம் பவளம் என்று சொல்லி விடுதியைத் தடுத்தால் அந்த மக்கள் எப்போதுதான் முன்னேறுவது என்று கேட்டார். அவர் கேள்வியில் அக்கறை இருக்கிறது. அதற்கு உரிய மரியாதையோடு பதில் சொல்கிறேன்.

லட்சத்தீவில் 36 தீவுகள். மொத்த நிலம் 32 சதுர கிலோமீட்டர். நம் போரிவலி தேசியப் பூங்கா அதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். அந்த 36இல் மக்கள் வாழ்வது 10 தீவுகளில். 2011 கணக்கெடுப்பில் 64,473 பேர். மலை கிடையாது, ஆறு கிடையாது. பெரும்பாலான இடம் கடல் மட்டத்திலிருந்து ஓரிரு மீட்டர்தான் உயரம். காலுக்குக் கீழே இருக்கிற மணல் எங்கிருந்து வந்தது? பவளம் உடைந்து வந்தது. கிளிமீன் பாறையைக் கொறித்துத் தின்று வெளியே தள்ளுகிற தூளும் அந்த மணலில் சேர்கிறது. அரபிக் கடலின் அலை நேராக வந்து தீவில் மோதாமல் வெளியே ஒரு வரிசைப் பாறை வாங்கிக்கொள்கிறது. அந்த வரிசைக்குள் அமைதியாக இருக்கிற ஆழம் குறைந்த கடல்தான் லகூன். இப்போது விடுதிக்காரர்கள் கேட்பது அந்த லகூனைத்தான். அதற்குள் தூண் இறக்கி, தூணின் மேல் வீடு கட்டி, தண்ணீர் வில்லா என்று வாடகைக்கு விட வேண்டும்.

பங்காரம் தீவுக்குப் பக்கத்தில் பரளி 1 என்று ஒரு குட்டித் தீவு இருந்தது. 1968இல் 0.032 சதுர கிலோமீட்டர். இன்றைக்கு அது இல்லை, அரித்துக்கொண்டு போய்விட்டது. மாலத்தீவோடு ஒப்பிடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். மாலத்தீவில் 1,000க்கும் மேற்பட்ட தீவுகள், ஏறக்குறைய 300 சதுர கிலோமீட்டர் நிலம். அங்கே ஒன்று கெட்டால் இன்னொன்றுக்குப் போகலாம் என்று யாராவது கணக்குப் போடலாம். லட்சத்தீவில் அந்தக் கணக்குக்கே இடமில்லை.

இது எங்கோ நடக்கிற கதை என்று இந்த அரங்கில் யாரும் நினைக்க முடியாது. இங்கே பாதிப் பேருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி, திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கம். தனுஷ்கோடிக்குப் போனவர்கள் அந்த இடிந்த தேவாலயத்தின் சுவரைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அது பவளக்கல். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று மன்னார் வளைகுடாவில் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்தோம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவுகள் இருந்தன. பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் கடலுக்குள் போய்விட்டன. 1986இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தோம், 2001இல் பவளத்தை, மிகக் கடுமையான பாதுகாப்பு தருகிற வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தோம். மூழ்கியது மூழ்கியதுதான். தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு தேய்ந்துகொண்டே வந்ததைத் தடுக்க, அரசு கடலுக்குள் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியதாகிவிட்டது. கல்லை வெட்டிய காலத்தில் கிடைத்த கூலியை விட அதற்கு ஆன செலவு எத்தனை மடங்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்குத் தடை போட்டிருந்தால் அது நஷ்டமாகவா இருந்திருக்கும்?

சரி, வேலைக்கு வருகிறேன். எதிரணித் தலைவர் அண்ணன் அதிக நேரம் பேசியது வேலையைப் பற்றித்தான். தீவில் வேலை இல்லை, பிள்ளைகள் கொச்சிக்கு ஓடுகிறார்கள், விடுதி வந்தால் சம்பளம் வரும் என்றார்.

அண்ணே, அந்தத் தீவில் ஏற்கெனவே ஒரு தொழில் இருக்கிறது. சூரை மீன் தொழில். நம் வீட்டில் சம்பலுக்கு இடிக்கிற மாசிக் கருவாடு, அது லட்சத்தீவின் மினிக்காய் தீவுக்காரர்களின் கைவேலை. சூரையை வேகவைத்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்து மரக்கட்டை மாதிரி ஆக்குகிறார்கள். அந்தச் சூரையை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், ஏனென்றால் என் வழக்கே அதில்தான் இருக்கிறது.

முதலில் சூரையைத் தேடிப் போவதில்லை. லகூனுக்குள், பவளத்தைச் சுற்றித் திரிகிற விரல் நீளக் குட்டி மீன்களை வலை போட்டுப் பிடிக்கிறார்கள். அவற்றைச் சாகவிடாமல், படகுக்குள்ளேயே கடல் தண்ணீர் வந்து போகிற தொட்டியில் வைத்துக்கொள்கிறார்கள். அதன் பிறகுதான் பாறைக்கு வெளியே ஆழ்கடலுக்குப் போகிறார்கள். சூரைக் கூட்டத்தைக் கண்டதும் உயிருள்ள குட்டி மீன்களை அள்ளி வீசுகிறார்கள். கடல் மேல் தண்ணீரைச் சிதறடிக்கிறார்கள், பெரிய கூட்டமாக இரை துள்ளுகிற மாதிரி சூரைக்குத் தெரியும். அப்புறம் படகின் ஓரத்தில் வரிசையாக நின்று, ஆளுக்கொரு நீளக் கழியில் நுனியில் எதிர்முள் இல்லாத தூண்டிலை வைத்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்னால் வீசுகிறார்கள். பெரிய வலை கிடையாது. ஆமையும் டால்ஃபினும் மாட்டிச் சாவது மிக மிக அரிது. உலகமே மெச்சுகிற முறை இது.

இந்தத் தொழில் முழுவதும் எதில் தொங்குகிறது? லகூனில் இருக்கிற அந்த விரல் நீள மீனில். அது எதில் வாழ்கிறது? உயிருள்ள பவளத்தில். தூண் இறக்கும்போது கிளம்புகிற சேறு, படகுத் துறைக்காகத் தோண்டுகிற மணல், விடுதியின் கழிவுநீர், எல்லாம் போய்ச் சேருகிற இடமும் அதே லகூன். 110 அறைக்கு வேலை கொடுக்கிறேன் என்று சொல்லி ஒரு தீவு முழுவதற்குமான தொழிலின் மூலதனத்திலேயே கை வைப்பது எந்த ஊர்க் கணக்கு?

110 என்பது நான் கற்பனையாகச் சொன்ன எண் இல்லை. நிதி ஆயோக் வகுத்த திட்டத்தில் மினிக்காய், கட்மத், சுஹேலி மூன்று இடத்திலும் விடுதிகள். 2023 ஜனவரியில் சுஹேலிக்கும் கட்மத்துக்கும் தலா 110 அறை என்று ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. சுஹேலியில் 50 வில்லாக்கள் தண்ணீர் மேலேயே. சுஹேலியில் ஆளே இல்லையே, அங்கே கட்டினால் யாருக்கு என்ன என்று ஒரு அண்ணன் கேட்டார். குடியிருப்பு இல்லை என்பது உண்மை. ஆனால் சீசன் காலத்தில் கவரத்தித் தீவு மீனவர்கள் அங்கே போய்த் தங்கித்தான் சூரை பிடிக்கிறார்கள், காயவைக்கிறார்கள். வருடம் முழுக்க ஆள் இருந்தால்தான் அது அவர்கள் இடம் என்றால், நம் ஊரில் எந்த உப்பளமும் எந்தக் களத்துமேடும் யாருக்கும் சொந்தமாக இருக்காது.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. மணலுக்கு அடியில், உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிற மழைத் தண்ணீர்தான் தீவின் கிணறு. கொஞ்சம் அதிகமாக இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். அதனால்தான் நம் சென்னையில் இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைக் கட்டிக் கொடுத்தது. ஒரு நாளைக்கு 1 லட்சம் லிட்டர். ஊர் குடிப்பதற்கே இவ்வளவு பாடுபட வேண்டிய இடத்தில், விருந்தாளி குளிக்கவும் நீச்சல் குளம் நிரப்பவும் எங்கிருந்து எடுப்பது?

இனி எதிரணியின் பலமான வாதம். உண்மையிலேயே பலமானது, அதனால் ஒதுக்கிவிட்டுப் போக மாட்டேன். கடல் சூடாகிக்கொண்டே போகிறது, 1998, 2010, 2016, 2024 என்று நான்கு முறை அங்கே பவளம் பெரிய அளவில் சூடு தாங்காமல் நிறமிழந்து வெளுத்தது, விடுதி கட்டினாலும் கட்டாவிட்டாலும் அது சாகத்தான் போகிறது, சாகப்போவதற்காக எதற்கு வருமானத்தை விட வேண்டும் என்றார்கள்.

அகத்தி, கட்மத், கவரத்தி மூன்று தீவுகளிலும் விஞ்ஞானிகள் 24 வருடம் விடாமல் அளந்திருக்கிறார்கள். 1998இல் 37 சதவீதமாக இருந்த பவளப் பரப்பு 2022இல் 20 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஏறக்குறைய பாதி போய்விட்டது, மறுக்கவில்லை. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. ஆறு வருடம் போல வெப்பத்தாக்குதல் இல்லாமல் விட்டால் பவளம் நன்றாக வேகமெடுத்துத் திரும்பி வளர்கிறது. தெளிந்த தண்ணீர் வேண்டும், குஞ்சுப் பவளம் ஒட்டிக்கொள்ள அசையாத பாறை வேண்டும், பாசியைத் தின்று சுத்தமாக வைக்க மீன் வேண்டும். கடலின் சூட்டைக் கவரத்தியில் உட்கார்ந்து யாரும் குறைக்க முடியாது. சேற்றையும் சாக்கடையையும் தோண்டலையும் நிறுத்த முடியும். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்குச் சோற்றை நிறுத்துகிற தாய் உண்டா? நோய் இருக்கிறது என்பதால்தான் கவனிப்பு இன்னும் கூடுதலாக வேண்டியிருக்கிறது.

பவளத்தைப் பெயர்த்து வேறு இடத்தில் வைத்துவிடலாமே, நம் மும்பையிலேயே செய்தார்களே என்றும் கேட்டார்கள். செய்தார்கள். கடற்கரைச் சாலைக்காக 2020இல் ஹாஜி அலி, வொர்லியிலிருந்து பவளத்தை மாற்றினார்கள். மொத்தம் எத்தனை? 18 கொத்து. அதற்கே வனவிலங்குச் சட்டப்படி அனுமதி, கோவாவிலிருந்து கடலாராய்ச்சி நிறுவனத்தின் மேற்பார்வை. லட்சத்தீவின் லகூன் சுமார் 4,200 சதுர கிலோமீட்டர். அதை எங்கே தூக்கி வைப்பது?

தடை போட்டு லாபம் பார்த்த ஊர் உண்டா என்று நடுவர் ஐயா கேட்பீர்கள். உண்டு. மெக்சிகோவில் காபோ பூல்மோ. சின்ன மீனவ ஊர். மீன் குறைந்துபோனதும் ஊர்க்காரர்களே முன்வந்து பாதுகாப்பு கேட்டார்கள், 1995இல் கடல் பூங்கா ஆனது. மீன்பிடிப்பதையே விட்டார்கள். 1999க்கும் 2009க்கும் இடையில் அங்கே மீன்களின் மொத்த எடை 460 சதவீதத்துக்கு மேல் பெருகியது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்பெயின் நிறுவனம் சுமார் 30,000 அறைகளோடு காபோ கோர்த்தேஸ் என்ற விடுதி நகரத்தைக் கட்ட வந்தது. ஊர் எதிர்த்தது, நாடு முழுக்க எதிர்ப்பு பரவியது, 2012 ஜூனில் அதிபர் கால்டெரோன் திட்டத்தையே ரத்து செய்தார். இன்றைக்கு அந்த ஊர் எதில் பிழைக்கிறது தெரியுமா? சுற்றுலாவில்தான். பவளத்தையும் மீனையும் பார்க்க வருகிறவர்களைத் தங்கள் படகிலேயே கூட்டிப்போகிறார்கள். விடுதியைத் தடுத்தால் சுற்றுலா செத்துவிடும் என்பவர்கள் அங்கே போய்ப் பார்க்கட்டும்.

கடைசியாக, எனக்கு மிகவும் வலிக்கிற ஒன்று. இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? லட்சத்தீவுக்குச் சட்டமன்றம் கிடையாது. நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு உறுப்பினர். ஆள்வது டெல்லி அனுப்புகிற நிர்வாகி. 2021இல் வந்த வளர்ச்சி ஆணையச் சட்ட வரைவு, எந்த நிலத்தையும் திட்டப் பகுதி என்று அறிவித்து எடுத்துக்கொள்ளலாம் என்றது. அதே வருடம் கடலோர விதிகளைக் காட்டி, மீனவர்கள் வலையும் சாமானும் வைத்திருந்த கொட்டகைகளை இடித்தார்கள். ஓலைக் கொட்டகைக்கு விதி உண்டு, தண்ணீர் மேல் வில்லாவுக்கு வரவேற்பு உண்டு என்றால் அந்த மீனவன் மனம் என்ன பாடுபடும்! 2021 ஜூன் 7ஆம் தேதி தீவு மக்கள் வீட்டுக்கு வீடு பட்டினி இருந்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் கேரளச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. வளர்ச்சி வேண்டாம் என்று யாரும் பட்டினி கிடப்பதில்லை. எங்களைக் கேட்டுச் செய்யுங்கள் என்றுதான் கிடந்தார்கள்.

கேட்டால் என்ன சொல்வார்கள் என்பதும் தெரியாத விஷயமில்லை. ஆபத்தான நோயாளியை ஹெலிகாப்டரில் கொச்சிக்குக் கொண்டுபோகிற நிலை மாற நல்ல மருத்துவமனை. மழைக்காலத்திலும் நம்பிப் போகக் கப்பல். மாசிக்கு நியாயமான விலை. வருகிறவர்களைத் தங்கள் வீட்டிலேயே தங்கவைத்துக் காசு பார்க்கச் சின்னச் சின்ன விடுதிகள். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ரவீந்திரன் குழு, தீவு தாங்குகிற அளவு பார்த்துத் திட்டமிட ஏற்கெனவே வழிகாட்டியிருக்கிறது. அந்த வழியில், தீவுப் பஞ்சாயத்துகளின் சம்மதத்தோடு ஒரு திட்டம் வரும் வரைக்கும் லகூனில் ஒரு தூண்கூட இறங்கக் கூடாது. எங்கள் அணி கேட்கிற தடை இவ்வளவுதான், நடுவர் ஐயா. வணக்கம்.