பீஜ் பெயிண்ட் சுவரில் ஏறியதும் ரோஸ் ஆவது ஏன்? விண்வெளி விஞ்ஞானிகளையே ஏமாற்றிய நிறம்!

[திரையில்: ஒரே அறையின் மூன்று படங்கள், பக்கத்தில் பக்கத்தில்]

இந்த மூன்று சுவர்களையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதலாவது மஞ்சள் அடிக்கிறது. இரண்டாவதில் லேசாக ரோஸ் தெரிகிறது. மூன்றாவது, சிமெண்ட் பூசிவிட்டுப் பெயிண்ட் அடிக்க மறந்த சுவர் மாதிரி இருக்கிறது.

மூன்றும் ஒரே சுவர். ஒரே டப்பா பெயிண்ட். கேமராவின் ஒயிட் பேலன்ஸையும், அதாவது வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைத் தானே சரிசெய்யும் வசதியையும், பூட்டி வைத்துவிட்டுத்தான் எடுத்தேன், எனவே கேமரா மேல் பழி போட முடியாது. மாறியது வெளிச்சமும் பக்கத்தில் இருந்த பொருட்களும் மட்டும்தான்.

வணக்கம் நண்பர்களே! இன்றைக்கு வார்ம் பீஜ். மணல் நிறத்துக்கும் சந்தன நிறத்துக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிற அந்த நிறம். "எதுவும் தோன்றவில்லையா, பீஜ் அடித்துவிடு" என்று ரொம்பச் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், தேர்ந்தெடுக்கக் கஷ்டமான நிறங்களில் இதற்குத்தான் முதலிடம். அடர் நீலம் எந்த அறையிலும் நீலமாகத்தான் இருக்கும். பீஜுக்கு அந்தப் பிடிவாதமெல்லாம் கிடையாது.

[திரையில்: டிண்ட்டிங் மெஷின், வெள்ளை பேஸில் சொட்டுச் சொட்டாக விழும் நிறங்கள்]

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பதை வேகமாகப் பார்த்துவிடலாம். பெரும்பாலும் வெள்ளை பேஸ். அதில் கொஞ்சம் மஞ்சள் ஆக்சைடு, அதைவிடக் கொஞ்சமாகச் சிவப்பு ஆக்சைடு, ஒரு துளி கருப்பு. அவ்வளவுதான் பீஜ்.

அந்தத் துளிகளின் விகிதத்தில்தான் வம்பு இருக்கிறது. சிவப்பு ஒரு சொட்டு கூடினால் ரோஸ் பக்கம் சாயும். கருப்பு கூடினால்? சாம்பல் ஆகும் என்றுதானே நினைப்பீர்கள்? மஞ்சளும் கருப்பும் சேர்ந்தால் பச்சை எட்டிப் பார்க்கும்! நம்பிக்கை இல்லையென்றால் வாட்டர் கலரில் கலந்து பாருங்கள், ஆலிவ் பச்சை வரும். சில பீஜ் சுவர்கள் பாசி பிடித்த மாதிரி தெரிவதற்கு இதுதான் காரணம். பெயிண்ட் ஆட்கள் இந்த ஒளிந்திருக்கும் சாயலை அண்டர்டோன் என்பார்கள்.

சரி, இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இந்த வீடியோவே.

[திரையில்: விண்மீன் மண்டலங்கள்]

2002 ஜனவரி. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் கிளேஸ்புரூக், இவான் பால்ட்ரி என்ற இரண்டு வானியலாளர்கள் ஒரு விசித்திரமான கேள்வியைக் கையில் எடுத்தார்கள். பிரபஞ்சத்தின் வெளிச்சம் முழுவதையும் ஒன்றாகக் கலந்தால் என்ன நிறம் வரும்? 2 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்களின் ஒளி ஏற்கெனவே அளக்கப்பட்டு அவர்கள் கையில் இருந்தது. கூட்டிச் சராசரி பார்த்தார்கள். விடை, வெளிர் பச்சை கலந்த நீலம். டர்க்காய்ஸ்! செய்தி உலகமெல்லாம் பரவியது. பிரபஞ்சம் டர்க்காய்ஸ் நிறம் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

இரண்டே மாதத்தில் திருத்தம் வந்தது. "மன்னிக்கவும், பிரபஞ்சம் பீஜ்."

நிஜமாகத்தான் சொல்கிறேன். கணினித் திரைக்கான எண்ணில் சொன்னால் சிவப்பு 255, பச்சை 248, நீலம் 231. மூன்றும் 255 என்றால் சுத்த வெள்ளை. கிட்டத்தட்ட வெள்ளை, அதில் ஒரு சிட்டிகை வெதுவெதுப்பு. பெயர் வைக்க ஓட்டெடுப்பு வேறு நடந்தது. அதிக ஓட்டு வாங்கியது ஒரு பெயர், ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கொண்டது இன்னொரு பெயர்: காஸ்மிக் லாட்டே. ஜனநாயகம் அங்கேயும் அப்படித்தான்போல. இனி யாராவது "பீஜா? போரடிக்குமே!" என்றால், "பிரபஞ்சத்திடம் போய்ப் பேசிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

ஆனால் நமக்குத் தேவையான விஷயம் நிறம் இல்லை, அந்தப் பிழை. அளந்த ஒளியில் தவறு இல்லை. கூட்டலிலும் தவறு இல்லை. நிறமாக மாற்றிக் காட்டிய மென்பொருள், எந்த வெளிச்சத்தை வெள்ளை என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில் சறுக்கிவிட்டது. வெள்ளைப் புள்ளி என்பார்கள் அதை. வெள்ளை கொஞ்சம் நகர்ந்தது, ஒரு மொத்தப் பிரபஞ்சமும் பீஜிலிருந்து பச்சைக்குப் போய்விட்டது!

நம் கண்ணும் மூளையும் நாள் முழுக்க இதே வேலையைத்தான் செய்கின்றன. அறைக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் "இங்கே வெள்ளை என்றால் இதுதான்" என்று ஒரு முடிவு எடுத்துவிடும். மற்ற எல்லா நிறத்தையும் அதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கும். பீஜ் வெள்ளைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால், வெள்ளை இம்மி நகர்ந்தாலும் அது ஊர் மாறிவிடும்.

உங்கள் அறையில் அந்த வெள்ளையை நிர்ணயிப்பது எது? கதவு, ஜன்னல் சட்டம், மேல்கூரை. நீலம் கலந்த பளீர் வெள்ளையை மேலே அடித்துவிட்டுச் சுவரில் வார்ம் பீஜ் அடித்தால், சுவர் அழுக்கு மஞ்சளாகத் தெரியும். பெயிண்டரைத் திட்டாதீர்கள், பாவம். மேலே லேசான ஆஃப் ஒயிட்டுக்கு மாறினால், அதே பீஜ் அமைதியாகிவிடும். சுவருக்கு மறுபடி ஒரு கோட் அடிக்கக்கூடத் தேவைப்படாது.

இந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு உங்கள் கூரையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். அப்படியே ஒரு லைக்கும் போட்டுவிடுங்கள்.

[திரையில்: இரண்டு பல்புப் பெட்டிகள்]

அடுத்தது பல்பு. பெட்டி மேல் கே என்ற எழுத்தோடு ஒரு எண் இருக்கும், கெல்வின். 2700 என்றால் மஞ்சள் கலந்த ஒளி, 6500 என்றால் நீலம் கலந்த பகல் ஒளி. 6500 எரிகிற அறையில் வார்ம் பீஜ் அடித்துவிட்டு "வார்ம் எங்கே போச்சு?" என்று தேடுவதில் அர்த்தமே இல்லை. 2700-இல் ஏற்கெனவே மஞ்சளான பீஜ் இன்னும் மஞ்சளாகும். என் கட்சி இதுதான்: முதலில் பல்பை முடிவு செய்யுங்கள், பெயிண்ட் கடைக்கு அப்புறம் போகலாம். கடைக்குள் எரிகிற விளக்கு உங்கள் வீட்டு விளக்கு இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். ஒரு விளக்கில் ஒன்றுபோல் தெரிகிற இரண்டு பீஜ்கள் இன்னொரு விளக்கில் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

ஜன்னல் திசை பற்றி ஒரு வார்த்தை. "வடக்கு ஜன்னல் என்றால் குளிர்ந்த வெளிச்சம்", அதாவது நீலம் கலந்த வெளிச்சம், என்று எல்லாரும் சொல்வார்கள். நிலநடுக்கோட்டுக்கு வெகு வடக்கே இருந்தால்தான் அது சரி. வெகு தெற்கே இருப்பவர்களுக்கு அப்படியே தலைகீழ். ஜன்னலுக்கு வெளியே அடர்ந்த மரம் இருந்தால் அதன் பச்சையும் சுவரில் விழும். தரை சிவப்பு என்றால், சுவரின் கீழ்ப்பாதி வெட்கப்படும்.

[திரையில்: ஷேட் கார்டு, வெள்ளைத் தாள்]

இப்போது கையில் ஷேட் கார்டு. ஒற்றை பீஜை மட்டும் பார்த்தால் எல்லாமே நல்ல பீஜ்தான். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள், ஒளிந்திருக்கிற சாயல் கொஞ்சம் வெளியே வரும். நான்கைந்து பீஜ்களை வரிசையாக ஒட்டிவைத்தால் இன்னும் நன்றாகத் தெரியும்: ஒன்று ரோஸ், ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள் என்று தானாகவே காட்டிக்கொடுக்கும். அதே பட்டையில் கீழே இருக்கிற அடர் ஷேடையும் பாருங்கள், சாயல் அங்கே மறைய முடியாது.

கார்டில் எல்ஆர்வி என்று ஒரு எண் இருக்கலாம். சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதன் அளவு, 0 முதல் 100 வரை. வெளிச்சம் குறைந்த அறைக்கு 60-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ பாருங்கள் என்பேன். அவ்வளவு போதும், இதைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் அந்த ஆள் இல்லை.

ஆனால் இது முக்கியம்: விரல் அளவு சதுரத்தில் பார்த்த நிறம் நான்கு சுவரிலும் ஏறும்போது கூடுதலாகத் தெரியும். ஒரு சுவரின் நிறம் எதிர்ச்சுவரில் பட்டு, அங்கிருந்து திரும்பி, மறுபடி பட்டு, நிறத்தின் மேல் நிறம் ஏறும். எனவே மனதுக்குப் பிடித்ததைவிட ஒரு படி மங்கலானதை எடுங்கள்.

[திரையில்: பெரிய அட்டையில் பெயிண்ட் அடிக்கும் கை]

சாம்பிளைப் பழைய சுவரின் மேல் நேராக அடிக்காதீர்கள். பழைய நிறம் சுற்றி நின்று புதியதைக் கெடுக்கும். பெரிய வெள்ளை அட்டை ஒன்றில் இரண்டு கோட் அடியுங்கள், ஓரத்தில் வெள்ளை விளிம்பு விடுங்கள். ஈரத்தில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். எமல்ஷன் பெரும்பாலும் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்ததும் ஒரு படி அடர்த்தியாகும். அப்புறம் அட்டையைத் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றுங்கள்: சோபாவுக்குப் பின்னால், இருட்டு மூலையில், ஜன்னல் பக்கத்தில். காலையில் ஒரு பார்வை, மதியம் ஒரு பார்வை, இரவில் விளக்கைப் போட்டு ஒரு பார்வை. நீங்கள் அந்த அறையில் அதிகம் இருக்கிற நேரம் எதுவோ, அந்த நேரத்தின் ஓட்டுக்கு மதிப்பு அதிகம்.

ஃபினிஷ்? சுவர் மேடு பள்ளமாக இருந்தால் பளபளப்பு இல்லாத மேட். முடிந்தது.

ஷேட் முடிவானதும் தேவையான டப்பாக்களை ஒரே தடவையில் கலக்கச் சொல்லி வாங்குங்கள். அடிப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டால், டப்பாவுக்கு டப்பா இருக்கிற சின்ன வித்தியாசம் சுவரின் நடுவில் கோடாக நிற்காது. மூடி மேல் ஒட்டியிருக்கும் கலவை எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் ஒரு கீறலை மறைக்க வேண்டியிருக்கும்போது அது இல்லாமல் தேடுவது பெரிய பாடு.

எந்த பீஜ் எடுக்கலாம் என்று கமெண்ட்டில் கேட்பீர்கள், தெரியும். தாராளமாகக் கேளுங்கள். கூடவே தரையின் நிறம், கூரையின் நிறம், பல்பின் கெல்வின், இந்த மூன்றையும் எழுதுங்கள். வெறும் ஷேட் பெயரை மட்டும் எழுதினால் அதற்கு என்னிடம் பதில் இல்லை.