ஆற்றில் எடுத்த காசையும் அளந்து எழுதுவோம்

(நாணயக் கண்காட்சி ஒன்றின் தொடக்க விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, கண்காட்சியைத் திறந்து வைத்ததோடு நில்லாமல் ஒவ்வொரு மேசையிலும் நின்று பார்த்துவிட்டு மேடைக்கு வந்திருக்கும் மாவட்ட ஆட்சியர் அவர்களே, அருங்காட்சியகக் காப்பாட்சியர் அவர்களே, முகூர்த்த நாளாக இருந்தும் இந்த மண்டபத்தை நமக்கு ஒதுக்கித் தந்த உரிமையாளர் அவர்களே, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரவுப் பேருந்தில் உறங்காமல் வந்திருக்கும் நாணய வணிகர்களே, சேகரிப்பாளர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். காப்பாட்சியர் அவர்கள் எனக்கு முன் பேசி, நான் சொல்ல நினைத்திருந்த சோழர் காசுகளை என்னைவிட அழகாகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு என் நன்றி. ஆட்சியர் அவர்கள் அடுத்த நிகழ்ச்சி இருந்தும் இன்னும் அமர்ந்திருப்பதற்கு இரட்டிப்பு நன்றி.

கண்காட்சிக்கு வருபவர் எப்படிப் பார்ப்பது, எப்படி வாங்குவது, வாங்கியதை எப்படிக் காப்பது என்ற மூன்றையும் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்ற பழமொழிக்குள் மூன்றும் அடங்கிவிடும் என்பது என் கருத்து. இவர் எந்த மேடை ஏறினாலும் இதைத்தான் சொல்வார் என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. இன்றும் அவர்களை நான் ஏமாற்றப் போவதில்லை.

முதல் சுற்றில் எதையும் வாங்காதீர்கள். எல்லா மேசைகளையும் ஒருமுறை பார்த்து முடித்த பிறகே பணப்பையைத் தொடுங்கள். ஒரு காசைக் கையில் எடுக்கும்முன் வணிகரின் அனுமதியைக் கேளுங்கள்; எடுத்தால் விளிம்பைப் பிடித்து எடுங்கள், முகப்பில் விரல் படக் கூடாது. பிறகு எடை. பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். 1940 முதல் அதில் வெள்ளி பாதியாகக் குறைந்தபோதும் எடை மாறவில்லை. 1947 என்று பொறித்த ரூபாய் நிக்கலால் ஆனது, காந்தத்தில் ஒட்டும். வார்ப்பில் ஊற்றிய போலிகள் பெரும்பாலும் தராசிலேயே அகப்பட்டுவிடும். தராசுக்கு அகப்படாத கைத்திறனும் உண்டு. ஆறாம் ஜார்ஜின் 1939-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் அரிது என்பதால், 1938-இன் கடைசி எண்ணைச் செதுக்கி ஒன்பதாக்கிவிடுகிறார்கள். அதற்கு லென்ஸ்தான் மருந்து. காசில்லாத மாணவர்கள் கவலைப்பட வேண்டாம். அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும் சில்லறையிலேயே, ஆண்டுக்குக் கீழே சாய்சதுரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா என்று நாணயச்சாலைகளைப் பிரித்து அடுக்கத் தொடங்கலாம்.

வாங்குவது பற்றி. பேரம் பேசுவது குற்றமன்று. ஆனால், “மூன்றாவது மேசைக்காரர் இதைவிடக் குறைத்துத் தருகிறார்” என்று இல்லாததைச் சொல்லிப் பேசாதீர்கள். அந்த மூன்றாவது மேசைக்காரர் இவருடைய மைத்துனராக இருப்பார்.

முன்பொரு கண்காட்சியில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். பெரியவர் ஒருவர் மகனையும் மருமகனையும் இருபுறமும் காவலுக்கு நிறுத்திக்கொண்டு என் நண்பரின் மேசைக்கு வந்தார். “தம்பி, கதவைச் சாத்தச் சொல்லுங்க” என்றார். கல்யாண மண்டபத்தின் கதவை யார் சாத்துவது? நண்பர் ஒரு துண்டை விரித்து மறைவு செய்தார். மஞ்சள் பைக்குள் பட்டுத்துணி, பட்டுத்துணிக்குள் விபூதி டப்பா, டப்பாவுக்குள் ஒரு செப்பு வில்லை. ஒருபக்கம் ஆஞ்சநேயர், மறுபக்கம் ஒரு அணா, கிழக்கிந்தியக் கம்பெனி, 1818. கோடி ரூபாய்க்கு ஒருவர் கேட்கிறாராம், தொலைபேசியில்தான் பேசினாராம், பதிவுக் கட்டணத்தை மட்டும் முன்னதாக அனுப்பச் சொல்லியிருக்கிறாராம். அதோடு, இது அரிசியை இழுக்கும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். “இழுத்ததா ஐயா?” என்று நண்பர் கேட்டார். பெரியவர் மருமகனைப் பார்த்தார். மருமகன் மகனைப் பார்த்தார். கடைசியில் பெரியவரே சொன்னார்: “இழுக்கலீங்க. பச்சரிசியா புழுங்கலரிசியான்னு அவங்க சொல்லல.”

மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்து ஓய வெகு நேரம் ஆயிற்று. பெரியவரும் சிரித்தார் என்பதுதான் அவருடைய பெருந்தன்மை. கம்பெனியார் சென்னையில் மூன்று சுவாமி வராகன் போன்ற தெய்வ உருவுள்ள பொற்காசுகளை வெளியிட்டதுண்டு. ஆஞ்சநேயர் அணா என்று ஒன்றை அவர்களின் எந்த நாணயச்சாலையும் அடித்ததில்லை, அவை பிற்கால வில்லைகள் என்று நண்பர் பொறுமையாக விளக்கினார். தன் பெயரைச் சொல்லிப் பழைய நாணயத்துக்குக் கட்டணம் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்திருக்கிறது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டிய நாட்டில், முகம் தெரியாதவனுக்கு அளக்காமல் அனுப்புகிறோம்.

பெரியவர் புறப்படும்போது பைக்குள் இன்னொரு சிறு காசு கிடந்ததைக் காட்டினார். அது புதுக்கோட்டை அம்மன் காசு. ஒருபக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’. நவராத்திரியில் அரண்மனையில் அரிசியோடு கொடுத்ததாம். தம் பாட்டி சிறுமியாகத் தாயின் கையைப் பிடித்து வரிசையில் நின்று வாங்கியதாம். சந்தையில் அம்மன் காசுக்குப் பெரிய விலை கிடையாது. ஆனால், யார் கையிலிருந்து யார் கைக்கு எந்த நாளில் வந்தது என்று சொல்லக்கூடிய ஒரு காசை அன்றுதான் நான் பார்த்தேன். அதை ஒரு காகித உறையில் எழுதி அவரிடமே கொடுத்தோம்.

நான் கேட்க வந்ததும் இதைத்தான். இன்று இங்கே விற்கும் பழங்காசுகளில் பலவற்றுக்கு ஊர் கிடையாது. எங்கே கிடைத்தது என்று கேட்டால், “லாட்டில் வந்தது” என்பார்கள்; மொத்தமாக வாங்கிய குவியலில் வந்தது என்று பொருள். 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள கருக்காக்குறிச்சியில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளை அன்றைக்கே எண்ணிப் பார்த்து எழுதியதனால்தான், அவற்றில் மிகப் பலவற்றில் மன்னரின் முகத்தில் உளிவெட்டு இருந்தது என்பது இன்று நமக்குத் தெரிகிறது. ‘பெருவழுதி’ என்ற சங்ககாலப் பாண்டிய மன்னர் பெயரைத் தமிழ் பிராமியில் பொறித்த செப்புக்காசை 1980-களில் இனங்கண்டு வெளியிட்ட இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் தொல்லியல் துறை அலுவலர் அல்லர், ஒரு நாளிதழின் ஆசிரியராக இருந்தவர். நம்மைப் போன்ற சேகரிப்பாளராகவும் இருந்தவர். கரூரில் அமராவதி மணலைச் சலித்தவர்கள் கைக்கு வந்த சங்ககாலக் காசுகள் எத்தனை, எழுதப்படாமல் உருக்குப் பட்டறைக்குப் போனவை எத்தனை? ஆற்றில் போடும்போது அளக்கச் சொன்ன முன்னோர், ஆற்றிலிருந்து எடுக்கும்போது அளக்க வேண்டாம் என்றா சொன்னார்கள்?

ஆகவே, விழாத் தலைவரிடம் என் கோரிக்கை இது. ஒவ்வொரு கண்காட்சியிலும் வாயிலருகே ஒரு பதிவு மேசை இருக்க வேண்டும்; அதில் தராசு, விட்டம் அளக்கும் கருவி, ஒரு பதிவேடு ஆகியவை இருக்க வேண்டும். யார் எந்தக் காசைக் கொண்டு வந்தாலும் கட்டணமின்றி எடை, விட்டம், கிடைத்த ஊர், கொடுத்தவர் சொன்ன செய்தி ஆகியவற்றை எழுதி, ஒரு படியை அருங்காட்சியகத்துக்குத் தர வேண்டும். எழுதினால் அரசு பறித்துக்கொள்ளும் என்ற அச்சம் நம்மிடையே உண்டு. மண்ணில் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது உண்மைதான்; பாட்டி பெட்டியில் வைத்துவிட்டுப் போன அம்மன் காசு புதையல் அன்று. இந்த வேறுபாட்டை ஆட்சியர் அவர்களே இந்த மேடையில் ஒரு சொல்லால் தெளிவுபடுத்தினால், நான் பேசியதைவிட அது பெரிதாக உதவும்.

காசைக் காப்பது பற்றிப் பேச நேரமில்லை என்று மணியடித்துவிட்டார்கள். புளியும் சாம்பலும் போட்டுத் துலக்காதீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பதிவேடு ஒன்றை நானே வாங்கி வந்திருக்கிறேன். தராசைத் தருவதாக முன்வரிசையில் இருக்கும் வணிக நண்பர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மேசை போட இடம் மட்டும் தலைவர் அவர்கள் காட்ட வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்கு நான் அங்கே அமர்ந்திருப்பேன். நன்றி, வணக்கம்.