செத்தவன் எழுந்து போனால் என்ன?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்க சுதந்திரப் போரைத் தொடங்கிவைத்த லெக்சிங்டன் சண்டையை ஆண்டுதோறும் நடித்துக் காட்டுவது வரலாற்றைக் காக்கிறதா, கேலிக்கூத்தாக்குகிறதா என்பது தலைப்பு. காக்கிறது என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார். "குண்டடி பட்டுச் செத்தவன் கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்ப் பான்கேக் தின்கிறான், இதுவா வரலாறு?" என்றார். கைதட்டலும் வாங்கினார். செத்தவன் எழுந்திருக்காவிட்டால் அடுத்த வருஷம் நடிக்க யார் வருவார்கள் ஐயா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1775 ஏப்ரல் 18 இரவு பாஸ்டனிலிருந்து சுமார் 700 பிரிட்டிஷ் சிப்பாய்கள் கிளம்புகிறார்கள். கான்கார்டில் குடியேற்றவாசிகள் பதுக்கி வைத்த ஆயுதங்களைக் கைப்பற்றத் திட்டம். வழியில் லெக்சிங்டன். விடிகிற நேரம். ஊர்த் திடலில் ஊர்க்காவல் படைத் தலைவர் கேப்டன் ஜான் பார்க்கரோடு 77 பேர். கலைந்து போங்கள் என்று பிரிட்டிஷ் அதிகாரியின் உத்தரவு. பார்க்கரும் கலையச் சொல்கிறார். கலையும்போது எங்கிருந்தோ ஒரு வெடி. அப்புறம் சரமாரி. குடியேற்றவாசிகளில் எட்டுப் பேர் பிணம், பத்துப் பேருக்குக் காயம்.

முதல் குண்டைச் சுட்டது யார்? 250 வருஷம் ஆகியும் விடை கிடையாது. "ஆவணத்தைப் படித்தால் போதாதா?" என்று எதிரணி அம்மையார் கேட்டார். படிக்கலாமே. ஒரு வாரத்துக்குள் ஊர்க்காரர்களிடம் சத்தியம் செய்து வாக்குமூலம் வாங்கினார்கள். நாங்கள் சுடவில்லை, அவர்கள்தான் என்கிறது அது. பிரிட்டிஷ் அதிகாரிகளின் அறிக்கையைப் புரட்டினால், நாங்கள் சுடவில்லை, அவர்கள்தான்! இரண்டையும் படித்தவன் தனக்குப் பிடித்த கட்சியில் போய்ச் சேர்ந்துகொள்வான்.

ஏப்ரலில் நடிப்பு நடக்கிற நாளில், விடியற்காலையில் அதே திடலின் ஓரத்தில் நிற்பவன் கதை வேறு. இருட்டோடு வந்து, பிள்ளையைத் தோளில் ஏற்றி, குளிரில் காத்திருக்கிறான். சிவப்புச் சட்டை போட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் கத்திக்கொண்டு ஓடி வருகிறார்கள். கட்டளை எது, கூச்சல் எது, தெரியவில்லை. ஒரு வெடி. கருமருந்தின் வெள்ளைப் புகை திடலை மூடுகிறது. சில நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. யார் சுட்டது என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்டுப் பாருங்கள்! ஈயக் குண்டு இல்லை, உயிர்ப் பயம் இல்லை, அப்போதே கண்ணுக்குப் பிடிபடவில்லை. வாக்குமூலம் கொடுத்தவன் பொய்தான் சொன்னான் என்று எப்படிச் சொல்வது? அவனுக்கு நிஜமாகவே தெரிந்திருக்காது.

ஜோனஸ் பார்க்கர் என்று ஒருவர், கேப்டனின் உறவுக்காரர். குண்டுகளையும் சக்கிமுக்கிக் கல்லையும் தொப்பியில் போட்டு, தொப்பியைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றார் என்று பிறகு சாட்சி சொன்னார்கள். அடிபட்டு மண்டியிட்டார். மருந்து நிரப்பி மறுபடி சுடப் பார்த்தார். அதற்குள் துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார்கள். புத்தகத்தில் இது ஒரு வரி. ஆனால் அந்த மாதிரித் துப்பாக்கியில், தயாராகக் கட்டிய காகிதத் தோட்டா இருந்தாலே, அதைப் பல்லால் கடித்து, மருந்து கொட்டி, கம்பியால் இடித்து இறக்க, பழகிய கைக்கே 15, 20 விநாடி ஆகும். எதிரே கத்தி வரும்போது 20 விநாடி எவ்வளவு நீளம் என்பது பார்த்தால்தான் உறைக்கும்.

தற்பெருமைக் கூத்து என்றும் சொன்னார்கள். சிவப்புச் சட்டை மாட்டி வசவு வாங்குகிறவர்களும் அமெரிக்கர்கள்தானே! அதைவிட முக்கியம், பிரின்ஸ் எஸ்டாபுரூக். காயம்பட்டவர்களில் ஒருவர், கறுப்பினத்தவர், அன்றைய தேதியில் அடிமை. 1799இல் திடலில் எழுப்பிய நினைவுத்தூணில் இறந்த எட்டுப் பேரின் பெயர்தான் உண்டு. பிழைத்த அடிமைக்கு அதில் ஏது இடம்? நடிப்பிலோ அவர் துப்பாக்கியோடு வரிசையில் நிற்கிறார். சுதந்திரம் கேட்கிற கூட்டத்தில் ஓர் அடிமைக்கு என்ன வேலை என்று தோளில் இருக்கிற பிள்ளை அப்பனைக் கேட்கும். நடுவர் அவர்களே, எதிரணி அடுத்து எழுந்ததும் அந்தப் பிள்ளைக்கு ஒரு பதிலை முதலில் கேட்டு வாங்குங்கள்.