ஃபைரிஷ் மலைமேல் நிற்பது ஈகை அல்ல

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இந்தியாவில் ஆங்கிலேயப் படையை நடத்திய தளபதி ஹெக்டர் மன்றோ, ஸ்காட்லாந்தின் ஃபைரிஷ் மலையுச்சியில் எழுப்பிய நினைவுச் சின்னத்தில் மேலோங்கி நிற்பது ஈகையா, தற்பெருமையா? இதுதான் தலைப்பு. தற்பெருமையே என்கிறது எங்கள் அணி.

எதிரணித் தோழி உருக்கமாகப் பேசினார். ஸ்காட்லாந்தின் ராஸ் பகுதியில் வேலையின்றித் தவித்த ஏழைகளுக்குக் கூலி கொடுக்கவே 1782-இல் மன்றோ அதைக் கட்டினார் என்றார். சரி, கூலி கொடுத்தார், ஏழை வீட்டில் அடுப்பு எரிந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூலிக்கு ஒரு சாலை போட்டிருக்கலாமே! கட்டியது எதை? நம் நாகப்பட்டினத்துக் கோட்டை வாயிலின் சாயலை! 1781 நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து அவர் படை பிடித்த ஊர் அது.

முந்தைய ஆண்டு என்ன நடந்தது? 1780 செப்டம்பர் 10, பொள்ளிலூர். ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் வளைத்து அழிக்கிறார்கள். பெரும்படையோடு பக்கத்துக் காஞ்சிபுரத்தில் இருந்த மன்றோ உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். நடுவர் அவர்களே, அந்தக் கறைமேல் போர்த்திய பொன்னாடைதான் ஃபைரிஷ் வாயில்!

ஊரே பார்க்கும்படி செய்வது அவருக்குப் புதிதும் அல்ல. 1764-இல், பக்சார் போரில் வெல்வதற்குச் சில வாரங்கள் முன்பு, கலகம் செய்த இந்தியச் சிப்பாய்களில் 24 பேரைப் படையினர் கண்முன்னே பீரங்கி வாயில் கட்டிச் சுடச் செய்தார். அவர்களில் நான்கு கிரனேடியர்கள், அதாவது முன்னணித் தாக்குதல் வீரர்கள், போரில் முன்வரிசை எங்களுடையது, சாவிலும் நாங்களே முதலில் என்று கேட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களே கண்ணீர் விட்டார்கள். அந்த நால்வருக்கு எந்த மலையில் கல் நட்டார்?

அப்புறம், ஏழைகள்மேல் இரக்கம் என்றாரே தோழி, அதற்கும் வருகிறேன். 1768 முதல் 1802 வரை மன்றோ நாடாளுமன்ற உறுப்பினர், ராஸ் பகுதியின் பெரிய நிலக்கிழார். 1792-இல் அதே ராஸ் மக்கள், செம்மறியாட்டுப் பண்ணைக்காகத் தங்களை நிலத்திலிருந்து வெளியேற்றுவதை எதிர்த்து, ஆட்டுமந்தைகளைத் திரட்டி ஊரைவிட்டே ஓட்டினார்கள். அவர்களை அடக்க வந்தது பிரிட்டிஷ் ராணுவத்தின் 42-ஆம் ரெஜிமென்ட் என்ற படைப்பிரிவு. அதன் கர்னல் யார்? சர் ஹெக்டர் மன்றோ! பத்தே ஆண்டுகளுக்கு முன் கூலி கொடுத்த அதே கை!