சட்டியும் அகப்பையும்

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் பேராசிரியர் ஐயா அவர்களே, என் அணித் தோழர்களே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் மஞ்சக்குப்பத்து நகர அரங்கத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் கடலூர் மக்களே, வணக்கம்.

தலைப்பைக் கேட்டதும் முன்வரிசையில் ஒரு பாட்டி, “எந்த விளையாட்டு, கபடியா?” என்று கேட்டார். இல்லை பாட்டி, செல்பேசியிலும் கணினியிலும் ஆடும் கேம். ஒருவர் ஆடுவார், யூடியூபில் ஆயிரம் பேர் அதைப் பார்ப்பார்கள். ஆடுகிறவர் சும்மா ஆடமாட்டார், பேசிக்கொண்டே ஆடுவார். அந்தப் பேச்சுதான் இன்றைய வழக்கு. அப்படிப் பேசுகிறவர்களில் சிலர் மெல்ல மெல்லத் தீவிர வலதுசாரி அரசியல் பக்கம் போய்ச் சேர்கிறார்களே, அதற்குக் காரணம் கொள்கையா, கூட்டமா? கூட்டமே என்று சொல்ல எழுந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மரபைப் போற்றுவதும், வரியைக் குறை என்று கேட்பதும் ஒருவருடைய உரிமை. அதை நான் குறை சொல்லவில்லை. வேற்று இனத்தவரும் பெண்களும் குடியேறி வந்தவர்களும் நமக்கு ஒரு படி கீழே என்று பேசும் அரசியலைத்தான் சொல்கிறேன். கேம் ஆடிக் காணொளி போடுபவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

பேராசிரியர் ஐயா ஒரு பழமொழியோடு தொடங்கினார். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும், உள்ளே வெறுப்பு இருந்தவன்தான் வெளியே வெறுப்பைப் பேசுகிறான் என்றார். பிறகு நம் ஊர்க்காரரையே சாட்சிக்கு அழைத்தார். திருநாவுக்கரசர் இதே திருப்பாதிரிப்புலியூரில் தருமசேனராகச் சமண மடத்தில் இருந்தவர், பிறகு சைவத்துக்குத் திரும்பினார், மாற்றம் என்பது உள்ளத்தில் நிகழ்வது என்றார். நல்ல கைதட்டல் கிடைத்தது. நானும் தட்டினேன்.

ஐயா, நாவுக்கரசர் மாறியபோது அவருக்குக் கிடைத்தது என்ன? நீற்றறையில் போட்டார்கள். யானையை ஏவினார்கள். கல்லைக் கட்டிக் கடலில் தள்ளினார்கள். அவர் கரையேறிய இடத்துக்குக் கரையேறவிட்ட குப்பம் என்று இன்றும் பெயர் சொல்கிறோம். மாறியதற்காக அவ்வளவும் பட்டார், அதனால்தான் அதைக் கொள்கை என்கிறோம். நம் வழக்கில் வருகிறவர்களோ மாறமாற வளர்கிறார்கள். கல்லைக் கட்டியும் மிதந்ததை நம்புகிறேன். காசைக் கட்டினால் மிதப்பதற்கு என்ன அதிசயம் வேண்டும்?

இப்போது சட்டிக்கு வருகிறேன். என் தாத்தா பண்ருட்டிப் பக்கத்து ஊர்களில் கூத்தாடியவர், கட்டியங்காரன் வேஷம். கர்ணனுக்கும் துரியோதனனுக்கும் பாட்டு உண்டு, பாடம் உண்டு. கட்டியங்காரனுக்கு அப்படி எழுதிவைத்தது அதிகம் கிடையாது. கூட்டத்தின் முகம்தான் அவனுக்கு ஏடு. ஓர் ஊரில் முதல் நாள் இரவு, இரண்டாம் தாரம் கட்டியவனைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். கூட்டம் விழுந்துவிழுந்து சிரித்தது. ஒருவர் மேடையேறி ஐந்து ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்திவிட்டுப் போனார். மறுநாள் அந்த ஒரு வார்த்தை அரைமணி நேரமானது. மூன்றாம் நாள் கிழக்கு வெளுத்துவிட்டது, திரௌபதி இன்னும் மேடைக்கே வரவில்லை! கூத்து வாத்தியார் என் தாத்தாவை அடிக்காத குறை. தாத்தாவுக்கு இரண்டாம் தாரத்தின்மேல் தனிப்பட்ட கொள்கை எதுவும் கிடையாது. பாட்டி ஒருத்தியோடுதான் கடைசிவரை வாழ்ந்தார்.

இவ்வளவு ஏன்? நானே பதினெட்டு வருடமாக மேடையில் பேசுகிறேன். சிதம்பரத்தில் எந்த இடத்தில் கைதட்டல் விழுகிறதோ, விருத்தாசலத்தில் அந்த இடத்தைக் கொஞ்சம் நீட்டுகிறேன். நெய்வேலிக்குப் போகும்போது அதுதான் என் கருத்து என்று எனக்கே தோன்றிவிடுகிறது. எதிரணியார் சிரிக்கிறார்கள். ஐயா, உங்களுக்கும் தெரியும்.

வருடத்துக்குப் பத்துக் கூட்டத்தில் பேசும் எனக்கே இப்படி என்றால், தினமும் பேசுகிறவரை நினைத்துப் பாருங்கள். எந்த நிமிடத்தில் எத்தனை பேர் எழுந்து போனார்கள் என்று யூடியூப் அவருக்கு வரைபடம் போட்டே காட்டுகிறது. விளம்பர வருமானம் வேண்டுமானால் 1,000 சந்தாதாரர்கள், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை என்று 2018-ல் எல்லை வைத்தார்கள். நாலாயிரம் மணி நேரம்! அதுவரை ஆடுகிறவர் எதைச் சொன்னால் ஆள் நிற்கிறது என்று தேடிக்கொண்டேதான் இருப்பார்.

கேமை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. நம் நாட்டில் பப்ஜியை 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி தடை செய்தார்கள். 2021-ல் வேறு பெயரில் வந்தது. 2022 ஜூலையில் அதுவும் போனது, 2023 மே மாதம் திரும்பியது. அதையே தொழிலாக வைத்திருந்தவனின் நிலைமை, நம் ஊர்ப் புயல் காலத்துப் படகுக்காரனின் நிலைமை. கேம் போனால் மிஞ்சுவது முகமும் வாயும்தான். ஆடிப் பிழைத்தவன் பேசிப் பிழைக்கத் தொடங்குகிறான். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடிப் பெயர் வாங்கிய அஸ்மான்கோல்ட் என்ற அமெரிக்கர், காலப்போக்கில் செய்தியைப் பார்த்துக் கருத்துச் சொல்கிறவரானார். பாலஸ்தீனர்களின் பண்பாடே தாழ்ந்தது என்ற பொருளில் பேசியதற்காக 2024 அக்டோபரில் கேம் நேரலைக்குப் பெயர்பெற்ற ட்விட்ச் தளம் அவரை 14 நாள் நிறுத்திவைத்தது. பிறகு மன்னிப்புக் கேட்டார்.

“அப்படியானால் ஏன் வலதுபக்கமே போகவேண்டும்? கூட்டம் இடதுபக்கமும் இழுக்கலாமே” என்று எதிரணித் தம்பி கேட்டார். அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் என்ற இடதுசாரி எம்.பி. 2020 அக்டோபரில் அமாங் அஸ் என்ற கேமை ஆடியபோது ஒரே நேரத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்களே என்றார். தம்பி, கேள்வி கூர்மையானது. பதில் நம் அரங்கத்திலேயே இருக்கிறது. சற்று முன் நான் மருமகளைப் பற்றி ஒரு நகைச்சுவை சொல்லியிருந்தால் மாமியார்கள் கைதட்டியிருப்பீர்கள். போன ஆண்டு இதே மேடையில், சில்வர் பீச்சில் சுண்டல் பொட்டலத்தைப் போட்டுவிட்டு வராதீர்கள் என்று சொன்னேன். ஒருவர் தட்டவில்லை! “உன் குறைக்குக் காரணம் அதோ அவள்” என்றால் கூட்டம் எழுந்து நிற்கும். “உன்னிடமும் கொஞ்சம் குறை இருக்கிறது” என்றால் செருப்பைத் தேடும். கேம் பார்க்கும் கூட்டத்தில் இளைஞர்கள் அதிகம். அவர்களுக்கு ஒரு பழைய மனத்தாங்கலும் உண்டு. 1999-ல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்த நாளிலிருந்து, எங்கே வன்முறை நடந்தாலும் கேம்தான் காரணம் என்று பெரியவர்கள் அவர்களை ஏசியிருக்கிறார்கள். அந்தக் காயத்தை ஆற்றுவதில் இலாபம் இல்லை, கிளறுவதில்தான் இலாபம்.

கிளறியது எப்படி என்று பாருங்கள். 2014 ஆகஸ்டில் ஒரு பெண் கேம் வடிவமைப்பாளரைப் பற்றி அவருடைய முன்னாள் காதலர் இணையத்தில் நீளமாக ஒரு புகார் எழுதினார். நல்ல விமர்சனம் வாங்குவதற்காக அந்தப் பெண் ஒரு பத்திரிகையாளரோடு பழகினார் என்று அதிலிருந்து ஒரு கதை கிளம்பியது. அந்தப் பத்திரிகையாளர் அந்தக் கேமுக்கு விமர்சனமே எழுதியதில்லை! எழுதாத விமர்சனத்துக்காக ஓர் ஊர்ச்சண்டை. அதற்குக் கேமர்கேட் என்று பெயர் வைத்தார்கள். கொலை மிரட்டலுக்குப் பயந்து பெண்கள் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். கேம்களில் பெண்களைக் காட்டும் விதத்தை விமர்சித்த அனிதா சர்கீசியன், துப்பாக்கிச் சூட்டு மிரட்டல் வந்ததால் அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேச இருந்ததையே ரத்து செய்தார்.

அந்தச் சண்டையைப் பேசியே பெரிதாக வளர்ந்த சேனல்களில் ஒன்று, இங்கிலாந்துக்காரர் கார்ல் பெஞ்சமினுடையது. 2018-ல் அந்நாட்டு வலதுசாரிக் கட்சியான யுகிப்பில் சேர்ந்தார். 2019-ல் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். வரிசையைக் கவனியுங்கள் நடுவரே: முதலில் கூட்டம், நான்கு வருடம் கழித்துக் கட்சி. ரசிகர்கள் மாதாமாதம் பணம் அனுப்பும் பேட்ரியான் தளம் அவரை 2018 டிசம்பரில் நீக்கியது, வருமானத்தை இழந்தும் பேசினார் அல்லவா என்று பேராசிரியர் கேட்பார். கேட்கட்டும். அந்த ஒருவரை உங்கள் அணிக்கே தந்துவிடுகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இன்னொருவரைத் தரமாட்டேன். ஸ்டீவ் பேனன், டிரம்பின் 2016 தேர்தல் பிரசாரத்தை நடத்தியவர். அரசியலுக்கு முன்னால் அவர் செய்த தொழில் தெரியுமா? கேமுக்குள் இருக்கும் பொய்த் தங்கத்தை மெய்யான டாலருக்கு விற்கும் ஒரு நிறுவனத்தில் இருந்தார். அதற்கு 2006-ல் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியிடமிருந்து 6 கோடி டாலர் முதலீடு வாங்கிக் கொடுத்தார். கேம் ஆடுகிறவர்கள் திரண்டு எதிர்த்ததில் அந்த வியாபாரம் படுத்தது. வேறு ஒருவராக இருந்தால் நஷ்டக் கணக்கு எழுதிவிட்டுப் போயிருப்பார். பேனனோ, இவ்வளவு கோபமும் இவ்வளவு ஆள்பலமும் இங்கே சும்மா கிடக்கிறதே என்று குறித்துக்கொண்டார். கேமர்கேட் வழியாக உள்ளே வருகிறார்கள், பிறகு அரசியலுக்குத் திரும்புகிறார்கள் என்று பின்னாளில் அவரே சொன்னார். இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? 2024 ஆகஸ்டில் டிரம்பே நேரலைக்கு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தது கூடைப்பந்து கேம் ஆடித் தொடங்கிய ஏடின் ராஸ் என்ற இளைஞரோடு. நவம்பரில் வெற்றி மேடையில் அந்த இளைஞரின் பெயரைச் சொல்லி நன்றி கூறினார்கள். கொள்கைக்காரர் கட்சியைத் தேடிப் போவார். இங்கே கட்சி கூட்டத்தைத் தேடி வந்தது.

எதிரணியார் ஓர் ஆய்வைச் சொன்னார்கள். 2023-ல் அமெரிக்காவில் வெளியானது. யூடியூபின் பரிந்துரை அப்பாவிகளை இழுத்துக்கொண்டு போய்த் தீவிரவாதக் காணொளியில் தள்ளுவது அரிது, அவற்றைப் பார்ப்பவர்கள் ஏற்கெனவே பெண்கள்மீதும் பிற இனத்தவர்மீதும் மனக்கசப்பு உள்ள ஒரு சிறு கூட்டம், பெரும்பாலும் அத்தகைய சேனல்களுக்குத் தாமே சந்தாதாரரானவர்கள் என்கிறது. ஆகையால் உள்ளே இருப்பதுதான் வெளியே வருகிறது என்று முடித்தார்கள்.

மிக்க நன்றி. என் வேலையைக் குறைத்துவிட்டீர்கள். அந்த ஆய்வு பார்ப்பவர்களைப் பற்றியது ஐயா, பேசுகிறவரைப் பற்றியது அல்ல! கசப்போடு வந்து காத்திருந்தது கூட்டம். சட்டி அதுதான். பேசுகிற பையன் அகப்பை. சட்டியில் இருந்தது அகப்பையில் வந்தது. உங்கள் பழமொழி முழுக்க முழுக்க என் அணிக்குச் சொந்தம்.

வெள்ளைக்காரர் கதை போதும் என்கிறீர்களா? 2017 ஜனவரியில் பியூடிபை என்ற சுவீடன் நாட்டுக் கேம் யூடியூபர், காசுக்கு எதையும் செய்வார்களா பார்ப்போம் என்று, இணையத்தில் சிறு வேலை எடுத்துச் செய்யும் இரண்டு இந்திய இளைஞர்களுக்குப் பணம் கட்டி ஒரு பதாகையைப் பிடிக்கச் சொன்னார். யூதர் அனைவரும் சாகவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. இளைஞர்கள் சிரித்தபடி பிடித்தார்கள், பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். அவரும் வேடிக்கை என்றார். பிப்ரவரியில் டிஸ்னி நிறுவனம் அவரோடு தொடர்பை முறித்தது. அவரைத் தீவிர வலதுசாரி என்று நான் சொல்லவில்லை, அவரே மறுத்தார். ஆனால் அந்த வேடிக்கைக்கு நாஜிகளின் இணையதளம் கைதட்டியது. 2019 மார்ச் 15-ஆம் தேதி நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன், தொடங்கும் முன் நேரலையில் பியூடிபையின் சேனலுக்குச் சந்தாதாரராகச் சொன்னான். அவர் பதறிப்போனார். யார் கைதட்டுகிறார்கள் என்பதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை.

நம் தமிழ்நாட்டிலும் ஒரு பப்ஜி யூடியூபர் பெண்களை ஆபாசமாகப் பேசிப்பேசியே கூட்டம் சேர்த்தார், 2021 ஜூனில் தருமபுரியில் கைதானார். அதில் அரசியல் இல்லை. ஆனால் அகப்பை அதே அகப்பை. நாளை நம் ஊரில் அது எந்தச் சட்டியில் விழும், சாதிச் சட்டியிலா, வெளிமாநிலத் தொழிலாளியை வெறுக்கும் சட்டியிலா என்று நான் சோதிடம் சொல்லப் போவதில்லை.

நடுவர் மணியைத் தொடுகிறார். ஒரு நிமிடம் ஐயா. இதை நான் எங்கே கற்றேன் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை மகன் முதுநகரில் மாடி அறையில் உட்கார்ந்து கேம் ஆடி நேரலை போடுகிறான். வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் பார்ப்பார்கள், அதில் நானும் ஒருத்தி. ஒரு நாள் இரவு அவன் குழுவில் ஆடிய ஒரு பெண் சீக்கிரம் தோற்றுவிட்டாள். இதெல்லாம் இவர்களுக்கு எதற்கு, அடுப்பைப் பார்த்தால் போதாதா என்று சொல்லிவிட்டான். திரையின் மூலையில் இருந்த 12 என்ற எண் 30 ஆனது, 90 ஆனது. ஐம்பது ரூபாய் வந்து விழுந்தது, “இன்னும் சொல்லுங்கள் அண்ணா” என்ற செய்தியோடு. மறுநாள் சொன்னான். அதற்கு மறுநாள் கேமைத் தொடங்கும் முன்பே சொன்னான். நான் மாடிக்குப் போய்க் கேட்டேன். “பெரியம்மா, நான் ஒன்றும் அப்படி நினைப்பவன் இல்லை. எனக்கே தெரியாமல் வந்துவிடுகிறது” என்றான். அவனுடைய தங்கை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவனைவிட நன்றாக ஆடுவது அவள்தான்.

அவன் அன்றோடு அந்தப் பேச்சை நிறுத்திவிட்டான். நேற்று இரவு அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஆடினார்கள். என்னையும் சேர்த்துப் பதினோரு பேர் பார்த்தோம். நன்றி, வணக்கம்.