சிறுநீரகத்தின் தலைமேல் ஒரு சுரப்பியும் கடையில் கிடைக்கும் ‘ஒரு செட்’ மாத்திரையும்

(வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, பல வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட அரிசி மண்டி உரிமையாளர் அவர்களே, எனக்கு விலங்கியல் கற்பித்து, இன்று முன்வரிசையில் அமர்ந்து என் பிழைகளை எண்ணிக்கொண்டிருக்கும் ஆசிரியர் அவர்களே, மருந்துக்கடை நடத்தும் நண்பர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். போர்த்திய சால்வைக்கு நன்றி. இந்தப் புழுக்கத்தில் அதை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டேன்; அளித்தவர் பொறுத்தருள வேண்டும்.

அட்ரீனல் சுரப்பியைப் பற்றி மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன்: பயம், உப்பு, சர்க்கரை.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. இரண்டு சிறுநீரகங்களின் உச்சியிலும் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தச் சுரப்பியின் எடை ஏறக்குறைய ஐந்து கிராம். இது கெட்டுப்போனவர்கள் தோல் கறுத்து, மெலிந்து, சோர்ந்து மாண்டுபோனதை லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855இல் எழுதிவைத்தார். சுரப்பியின் வெளிப்பகுதி புறணி, உட்பகுதி அகணி. நாய் துரத்தும்போது நெஞ்சு படபடக்கிறதே, அகணி விடும் அட்ரீனலின் செய்யும் வேலைகளில் அதுவும் ஒன்று.

அதைக் கண்டறிந்த கதையைச் சொல்லாமல் போனால் என் ஆசிரியர் கோபித்துக்கொள்வார். இங்கிலாந்தின் ஹாரோகேட் நகரில் ஜார்ஜ் ஆலிவர் என்றொரு மருத்துவர். குளிர்காலத்தில் அங்கே நோயாளிகள் வரத்து குறைவு. சும்மா இருக்க முடியாத மனிதர், மணிக்கட்டு நாடியின் பருமனை அளக்க ஒரு கருவி செய்தார். சோதித்துப் பார்க்க ஆள்? வீட்டில் மகன் இருக்கிறானே! ஆட்டின், மாட்டின் சுரப்பிச் சாறுகளை அவனுக்குக் கொடுத்து, கருவியை மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாராம். அந்தப் பிள்ளையின் தாய் என்ன சொன்னார் என்று எந்த வரலாற்றிலும் நான் படித்ததில்லை. அட்ரீனல் சாறு நாடியைச் சுருக்குவதாகத் தோன்றியதும், லண்டனில் பேராசிரியர் ஷேஃபரைத் தேடிப் போனார். ஷேஃபர் அப்போது ஒரு நாயின் இரத்த அழுத்தத்தைப் பதிவுசெய்துகொண்டிருந்தார். ஊர்ப்புறத்து மருத்துவர் சொன்னதை அவர் நம்பவில்லை. ஆலிவரும் அசையவில்லை. சோதனை முடியும்வரை பொறுமையாக நின்று, சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்து நீட்டினார். “சரி, தொலையட்டும்” என்கிற மாதிரி ஷேஃபர் அதை நாய்க்குச் செலுத்தினார். அழுத்தமானியின் பாதரசம் ஏறியது, ஏறியது, குழாயின் விளிம்புவரை ஏறியது! பேராசிரியர் வாயடைத்து நின்றாராம். கதைக்குக் கொஞ்சம் கைகால் முளைத்திருக்கலாம். ஆனால் 1894இலும் 95இலும் இருவரும் சேர்ந்து முடிவுகளை வெளியிட்டது உண்மை. சில ஆண்டுகளில் ஜப்பானியரான தகாமினே அட்ரீனலினைத் தூய பொருளாகப் பிரித்தெடுத்தார். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது!

உப்பு விஷயம் பெரிது. ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் சிறுநீரில் வீணாகப் போகும் சோடியத்தைப் பிடித்து நிறுத்துகிறது. மீதியை வேறொரு நாள் சொல்கிறேன். நகர்மன்றத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் கிளம்புவதற்குள் நான் வந்த காரியத்தைச் சொல்லிவிட வேண்டும்.

இரத்தத்தில் சர்க்கரையைத் தாங்கிப்பிடிக்கும் கார்டிசால் புறணியில் சுரக்கிறது. விடியற்காலையில் உச்சத்துக்குப் போகிறது. மூளையடியில் உள்ள பிட்யூட்டரி கட்டளையிட்டால்தான் சுரக்கும். போதுமான அளவு இருந்தால் கட்டளை நின்றுவிடும். இங்கேதான் நம் ஊர் மருந்துக்கடை குறுக்கே வருகிறது.

“மூட்டு வலிக்கு ஒரு செட் கொடுங்க” என்கிறோம். கத்திரிக்கோல் அட்டையை நறுக்குகிறது. பெயர் எழுதாத சிறு காகித உறையில் ஒரு மஞ்சள் மாத்திரை, ஒரு ரோஸ் மாத்திரை, கூடவே சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஒரு வெள்ளை மாத்திரை. அந்த வெள்ளை பல நேரம் டெக்சாமெத்தசோனோ பிரெட்னிசோலோனோ, அதாவது கார்டிசாலைப் போல வேலை செய்யும் ஸ்டீராய்டு. அதற்கும் கடுகுப் பழமொழிதான். மறுநாளே வலி பறந்துவிடும். கைராசிக்காரர் என்று கடைக்காரருக்குப் பெயர். வாரக்கணக்கில் தொடர்ந்தால், தினமும் சாப்பாடு வெளியிலிருந்தே வரும் வீட்டில் அடுப்பு அணைந்து கிடப்பதுபோல நம் சுரப்பி வேலையை நிறுத்திவிடுகிறது. முகம் நிலவாக உப்புகிறது, எலும்பு தேய்கிறது, சர்க்கரை ஏறுகிறது. திடீரென்று நிறுத்தினால் சுரப்பி உடனே விழிக்காது. வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆகவே, ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் இன்றிரவே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள், குறைக்க வேண்டியதை அவர் படிப்படியாகக் குறைப்பார். ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்றும் சொல்லவில்லை. கார்டிசோன் என்ற ஸ்டீராய்டுக்காக 1950இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். ஆஸ்துமாவில் மூச்சு முட்டுகிறவருக்கு அது உயிர்காக்கும் மருந்து. என் சண்டை பெயர் எழுதாத அந்தக் காகித உறையோடு.

மருத்துவர் எழுதிய சீட்டில்லாமல் ஸ்டீராய்டு விற்பது சட்டப்படியே கூடாது. முகம் வெளுக்கப் பூசுகிறார்களே, அந்த ஸ்டீராய்டு களிம்புகள் பலவும் 2018 முதல் சீட்டுப் பட்டியலில்தான் இருக்கின்றன. சட்டம் இருக்கிறது, கேட்பாரில்லை. ஒவ்வொரு மருந்துக்கடை வாசலிலும் ‘சீட்டில்லாமல் ஸ்டீராய்டு கிடையாது’ என்று தமிழில் பலகை வைக்கச் சொல்லி நகர்மன்றம் தீர்மானம் போட வேண்டும். மனுவில் கையெழுத்து வாங்க என் மாணவர்கள் இருவர் வாசலில் மேசை போட்டு அமர்ந்திருக்கிறார்கள். காபி அதற்கு அடுத்த மேசையில். நன்றி, வணக்கம்.