8 சொட்டு விழுந்துச்சு, ஒருத்தரும் பாக்கல! டைம் லாப்ஸ் எடுக்கிறவங்க இதைப் பாக்காம கேமராவைத் தொடாதீங்க

ஆஸ்திரேலியா. குயின்ஸ்லாந்து யுனிவர்சிட்டி. வருஷம் 1927. தாமஸ் பார்னெல்னு ஒரு பிசிக்ஸ் ப்ரொபசர் ஒரு வேலை பண்றாரு. தார் வகையில பிச்னு ஒரு பொருள் இருக்கு, கறுப்பா கெட்டியா இருக்கும், சுத்தியலால ஒரு போடு போட்டா தூள் தூளா நொறுங்கிடும். ஆனா அது உண்மையில மெதுவா ஓடுற பொருள் தான்டான்னு பசங்களுக்குக் காட்டணும்னு, அதைச் சூடாக்கி ஒரு கண்ணாடிப் புனல்ல ஊத்தி, 3 வருஷம் அப்படியே விட்டு, 1930ல புனலோட அடியை வெட்டி விடுறாரு.

முதல் சொட்டு எப்ப விழுந்துச்சு தெரியுமா? 1938ல!

அதுக்கப்புறம் 2000 வரைக்கும் மொத்தம் 8 சொட்டு விழுந்துச்சு. அதுல ஒன்னு கூட விழுறப்ப எந்த மனுஷனும் கண்ணால பாக்கல. 1988ல ஜான் மெயின்ஸ்டோன்னு ஒருத்தர் தான் அதைப் பாத்துக்கிட்டிருந்தாரு, குடிக்க ஏதாவது வாங்கிட்டு வரலாம்னு சில நிமிஷம் வெளிய போறாரு, அந்த கேப்ல விழுந்துடுச்சு. சரி, 2000ல உஷாரா கேமரா வச்சாங்க. கரெக்டா அந்த நேரம் பாத்து கேமரா புட்டுக்கிச்சு. அந்த மனுஷன் 2013 ஆகஸ்ட்ல இறந்துட்டாரு, கடைசி வரைக்கும் ஒரு சொட்டு விழுறதை நேர்ல பாக்கவே இல்ல. அதுக்கு ஒரு மாசம் முன்னாடி தான், ஜூலைல, அயர்லாந்துல டப்ளின் டிரினிட்டி காலேஜ்ல 1944ல இருந்து கிடந்த இதே மாதிரி ஒரு புனல்ல இருந்து விழுந்த சொட்டு முதல் முறையா கேமராவுல மாட்டுச்சு. எதுல? டைம் லாப்ஸ்ல!

வணக்கம் மக்களே. டைம் லாப்ஸ்னா என்னன்னு எல்லாருக்கும் தெரியும், அதுக்கு நேரம் வேஸ்ட் பண்ணல. கேப் விட்டு கேப் விட்டு போட்டோ எடுக்கிறோம், அப்புறம் செகண்டுக்கு 25, 30 போட்டோன்னு ஓட விடுறோம். முடிஞ்சது.

என்னைக் கேட்டா டைம் லாப்ஸ் நல்லா வர்றதும் போரடிக்கிறதும் கேமரா விலையில இல்ல, அந்த கேப்ல இருக்கு. இன்டர்வல். அதை நீங்க முடிவு பண்ணக்கூடாது, எதிர்ல இருக்கிற பொருள் எவ்ளோ வேகத்துல மாறுதோ அது முடிவு பண்ணணும். கத்திப்பாரா மேம்பாலத்துல ஓடுற வண்டிக்கு 1, 2 செகண்ட். வேகமா ஓடுற மேகத்துக்கு 2, 3, சோம்பேறி மேகத்துக்கு 5. அதே மேகத்துக்கு 30 செகண்ட் வச்சீங்கன்னா அது மிதக்காது, தவளை மாதிரி தாவும். நட்சத்திரத்துக்கு 20, 25 செகண்ட் ஆகிடும், ஏன்னா ஒரு போட்டோ எடுக்கவே அவ்ளோ நேரம் ஷட்டர் திறந்திருக்கணும். பில்டிங் கட்டுறதுன்னா 10, 15 நிமிஷத்துக்கு ஒன்னு எடுத்தா தாராளம்.

கணக்கு ஈஸி தான். 10 செகண்ட் வீடியோ, செகண்டுக்கு 30 போட்டோ, அப்ப 300 போட்டோ. 5 செகண்டுக்கு ஒன்னுன்னா 1,500 செகண்ட், அதாவது 25 நிமிஷம் நிக்கணும். 10 செகண்ட் தானேன்னு நினைக்காதீங்க, பாக்கிறவன் அதுக்கு மேல ஒரே ஷாட்டை உக்காந்து பாக்க மாட்டான்.

ஐபோன்காரங்க கவனிங்க. நீங்க எவ்ளோ நேரம் ஓட விட்டாலும் வீடியோ குட்டியா தானே வருது? நேரம் ஆக ஆக அது தானாவே இன்டர்வலை ரெண்டு மடங்கு ஆக்கி, ஏற்கனவே எடுத்ததுலயும் பாதியைத் தூக்கிப் போட்டுடும். அவசரத்துக்கு ஓகே. ஆனா கன்ட்ரோல் வேணும்னா இன்டர்வல் செட் பண்ற ஆப் ஒன்னு போட்டுக்கோங்க.

இப்ப எனக்குப் பிடிச்ச பார்ட். எங்கயும் டிராவல் பண்ண வேணாம், மொட்டை மாடியில தொட்டியில பிரம்ம கமலம் இருக்கா? இருட்டினதும் விரிய ஆரம்பிக்கும், நடு ராத்திரி வாக்குல முழுசா விரிஞ்சிடும், காலைல பாத்தா தலை தொங்கிப்போய் இருக்கும். கள்ளிக் குடும்பத்துச் செடி, மெக்சிகோ பக்கத்துல இருந்து வந்தது. டைம் லாப்ஸுக்குன்னே பொறந்த பூ. வருஷத்துக்கு எத்தனை தடவை பூக்கும்னு உங்க வீட்டுச் செடிகிட்ட தான் கேக்கணும், அதனால அந்த ராத்திரியை விட்டுடாதீங்க.

30 செகண்டுக்கு ஒரு போட்டோ, 5 மணி நேரம். 600 போட்டோ, அதாவது 20 செகண்ட் வீடியோ. எடிட்ல 12க்கு வெட்டிக்கலாம். முதல்ல ஃப்ரேம். மொட்டை டைட்டா வச்சு ஃப்ரேம் பண்ணாதீங்க! விரியும்போது பூ நிமிரும், முன்னாடி வரும், அகலும், பாதி இதழ் ஃப்ரேமுக்கு வெளிய போயிடும். மொட்டைச் சுத்தி நல்லா இடம் விடுங்க. காத்து பட்டா பூ ஆடும், அஞ்சு மணி நேர ஆட்டத்தை 20 செகண்ட்ல பாத்தா பூவுக்குக் குளிர் ஜுரம் வந்த கணக்கா இருக்கும், அதனால தொட்டியை உள்ள கொண்டு வந்து ஃபேனை ஆஃப் பண்ணிடுங்க. பக்கத்து வீட்டு ஆன்ட்டி பூ பாக்க வருவாங்க, கற்பூரம் காட்டுவாங்க. அவங்களைத் தடுக்க எந்த டெக்னிக்கும் கிடையாது மக்களே.

லைட். ஒரே ஒரு எல்இடி, கடைசி வரைக்கும் அதே இடத்துல, அதே வெளிச்சத்துல. நடுவுல யாராவது டியூப்லைட் போட்டா வீடியோ பளிச்சுன்னு வெட்டும். விலை கம்மியான எல்இடி நம்ம கண்ணுக்குத் தெரியாம மினுக்கும், நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ்ங்கிறதால ஷட்டரை 1/50 செகண்ட் இல்லன்னா 1/25 செகண்ட்ல வைங்க, முடிஞ்சா அரை செகண்ட், அந்த மினுக்கல் எல்லா போட்டோவுலயும் சமமாகிடும்.

அப்புறம் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுற செட்டிங்), ஷட்டர், ஒயிட் பேலன்ஸ் (கலர் செட்டிங்), ஃபோகஸ், எல்லாமே மேனுவல். ஆட்டோல விட்டா கேமரா ஒவ்வொரு போட்டோவுக்கும் புதுசா யோசிக்கும், ஒன்னு கொஞ்சம் வெளிச்சமா ஒன்னு கொஞ்சம் மங்கலா வரும், ஓட விட்டா படபடன்னு துடிக்கும். இதுக்குப் பேர் தான் ஃபிளிக்கர்.

இங்க ஒரு சின்ன சதி இருக்கு. எல்லாம் மேனுவல் வச்சாலும் டிஎஸ்எல்ஆர்ல ஃபிளிக்கர் வரும்! ஏன்னா எஃப்11 வச்சீங்கன்னா, அதாவது லென்ஸ் துவாரத்தைச் சின்னதாக்கினா, லென்ஸ் உள்ள இருக்கிற பிளேடு ஒவ்வொரு தடவையும் மூடித் திறக்கும், ஒவ்வொரு தடவையும் மயிரிழை வித்தியாசத்துல மூடும். பழைய ஆளுங்க இதுக்கு ஒரு தில்லாலங்கடி வேலை பண்ணுவாங்க, பிளேடை மூடிக் காட்டுற டெப்த் ஆஃப் ஃபீல்ட் பட்டனை அமுக்கிக்கிட்டே லென்ஸ் ரிலீஸ் பட்டனையும் அமுக்கி லென்ஸை லேசா திருப்பிடுவாங்க, கேமராவுக்கும் லென்ஸுக்கும் கனெக்‌ஷன் கட், பிளேடு மூடின இடத்துலயே நின்னுடும். செம ஐடியா, ஆனா லென்ஸ் முழுசா லாக் ஆகாம இருக்கும், கேமராவைத் தூக்கினா லென்ஸ் கீழ கிடக்கும், சொல்லிட்டேன். பயமா இருந்தா துவாரத்தைக் கையால மாத்துற அப்பர்சர் ரிங் இருக்கிற பழைய மேனுவல் லென்ஸ் ஒன்னு வாங்கிக்கோங்க.

அப்புறம் பவர். சார்ஜர்லயே போட்டு வைங்க, அந்த பிளக் பாயின்ட் இன்வர்ட்டர் லைன்ல இருக்கான்னு பாருங்க. போனா இருந்தா ஃபிளைட் மோட், இல்லன்னா எவனாவது லோன் வேணுமான்னு கால் பண்ணி கெடுப்பான். இந்த அவஸ்தை புதுசு இல்ல. பெர்சி ஸ்மித்னு லண்டன்ல ஒருத்தர், 1910லயே பூ விரியுறதைப் படமா எடுத்து ரிலீஸ் பண்ணவரு, ராத்திரி கேமராவுல ஃபிலிம் மாத்தணும்னா எழுப்பி விடுறதுக்கு வீடு முழுக்க அலாரம் கட்டி வச்சிருந்தாரு. நமக்கு ஒரு பவர் பேங்க் வாங்க வலிக்குது.

டிராஃபிக் எடுக்கிறவங்களுக்கு ஒரே ஒரு டிப். ஷட்டர், இன்டர்வல்ல பாதி இருக்கட்டும். 2 செகண்ட் இன்டர்வல்னா 1 செகண்ட் ஷட்டர், வண்டியெல்லாம் கோடா வழுக்கிக்கிட்டு ஓடும். பகல்ல அப்படி வச்சா மொத்தமா வெள்ளையாகிடும், அதுக்கு வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி இருக்கு, என்டி ஃபில்டர், அதை லென்ஸ் முன்னாடி மாட்டுங்க.

சாயங்காலத்துல இருந்து ராத்திரி வரைக்கும் ஒரே ஷாட்ல எடுக்கிறதுக்கு ஹோலி கிரெயில்னு பேரு. எல்ஆர்டைம்லாப்ஸ் சாஃப்ட்வேர் தேவைப்படும், தனி வீடியோவே போடணும், இன்னைக்கு விட்டுடலாம்.

ஆனா வெறும் வானத்தை மட்டும் காட்டாதீங்க ப்ளீஸ், யூட்யூப்ல அது டன் கணக்குல கிடக்கு. ஆடாம நிக்கிறது ஒன்னு, அதுக்குப் பின்னாடி ஓடுறது ஒன்னு, ரெண்டும் ஃப்ரேம்ல வேணும். தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்துக்குப் பின்னாடி மழை மேகம் திரளுறதை யோசிச்சுப் பாருங்க, உடம்பு சிலிர்க்குது. உடனே ட்ரைபாடைத் தூக்கிட்டுக் கிளம்பிடாதீங்க, உள்ள ட்ரைபாடு வைக்கத் தொல்லியல் துறை பர்மிஷன் வேணும்.

எடிட்டிங்ல 1 விஷயம். 24 மெகாபிக்சல் போட்டோ 6000க்கு 4000, 4கே வீடியோ 3840க்கு 2160 தான். மிச்சம் எவ்ளோ இருக்கு பாருங்க! அந்த இடத்துக்குள்ள ஃப்ரேமை மெதுவா நகர்த்தினா, கேமராவைத் தள்ளிக்கிட்டுப் போற ஸ்லைடர் வாங்குற காசு மிச்சம். டைம் லாப்ஸ்ல சவுண்ட் கிடையாதுங்கிறதால எல்லாரும் ஒரு பியானோவைப் போட்டுடுறாங்க, அந்தப் பியானோவுக்கு நான் எதிரி. பக்கத்துல இன்னொரு போன்ல அந்த இடத்துச் சத்தத்தை ரெக்கார்ட் பண்ணுங்க, தவளை, தூரத்து லாரி ஹாரன், பூ பாக்க வந்தவங்க பேச்சு, அதைக் கீழ ஓட விடுங்க.

உங்க வீட்டுல பிரம்ம கமலம் மொட்டு விட்டிருக்கா? எந்த ஊர், எத்தனை மொட்டுன்னு கமெண்ட்ல போடுங்க. மறக்காம சப்ஸ்க்ரைப் பண்ணிட்டு, இப்பவே மெமரி கார்டைக் காலி பண்ணி வைங்க.